கழுகுமலையில் பெயர் எழுதியவர்கள்

எண்பதுகளில் சிவகாசிப் பக்கத்து எங்கள் நாரணாபுரத்திலிருந்து கழுகுமலைக்குப் போவதென்றால் அது பங்குனி உத்திரத்துக்குத்தான். பயராபீஸில், அதாவது பட்டாசு ஆலையில், லீவு சொல்லிவிட்டு, முந்தின ராத்திரியே புளியோதரை கிளறி வாழையிலையில் கட்டி, சிவகாசி பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்து, வெம்பக்கோட்டை, திருவேங்கடம் என்று கரிசல் புழுதியைத் தின்றுகொண்டே போய் இறங்குவோம். கழுகாசலமூர்த்தியைக் கும்பிட்டாச்சு, தேர் பார்த்தாச்சு, சேவும் கருப்பட்டி மிட்டாயும் வாங்கியாச்சு என்றால் பெரியவர்களுக்கு வந்த வேலை முடிந்தது. மலைமேல் ஏறுவது பொடியன்களின் விளையாட்டு.

"மேல அப்படி என்னதாம்ல இருக்கு?" என்று கேட்டால் ஆச்சியிடம் பதில் தயாராக இருக்கும். "பஞ்சபாண்டவர் வனவாசத்துல செதுக்கிப் போட்ட பொம்மை. ஏறி எறங்கினா கால் நோவுதான் மிச்சம்."

இன்றைக்கு வரிசை தலைகீழாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சிவகாசிப் பையன்கள் பைக்கில் வருகிறார்கள். நேரே மலைக்கு ஏறி வெட்டுவான் கோயிலைப் படம் எடுத்துவிட்டு, நேரம் இருந்தால் முருகனைப் பார்க்கிறார்கள். கீழே அறிவிப்புப் பலகை இருக்கிறது, ஏறுவதற்குப் படி இருக்கிறது, சிற்பங்களைச் சுற்றிக் கம்பி வேலி இருக்கிறது. தமிழக அரசின் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் இது. அன்று நாங்கள் சமணச் சிலைகளின் மடியில் உட்கார்ந்து புளியோதரை தின்றிருக்கிறோம். இன்று அதைச் செய்ய முடியாது. நல்லதுதான்.

ஆச்சி சொன்னதில் பாண்டவர் மட்டும்தான் பிசகு. அந்தப் பாறையில் பஞ்சபாண்டவர் பெயர் இல்லை. ஆனால் வேறு பெயர்கள் இருக்கின்றன. அவைதான் விஷயம்.

மலையின் ஒரு பக்கம் நீளமான பாறைச் சரிவு. அதில் தீர்த்தங்கரர்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். தலைக்கு மேலே முக்குடை, அதைச் சுற்றிக் கொடி வேலைப்பாடு, கீழே தாமரைப் பீடம். பெரியதும் சிறியதுமாக நூற்றைம்பது வரை இருக்கும் என்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்று போலத்தான் தெரியும். கிட்டப் போனால்தான் வித்தியாசம் புரியும். பாகுபலியின் காலிலும் கையிலும் கொடி சுற்றி ஏறியிருக்கிறது, இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள் நிற்கிறார்கள். தவத்தில் உறைந்துபோன அண்ணனை எழுப்ப வந்த தங்கைகள் பிராமியும் சுந்தரியும். பார்சுவநாதர் சிற்பத்தில், தலைக்கு மேல் ஒருவன் பாறையைத் தூக்கிப் போட வருகிறான். நாகராஜனான தரணேந்திரன் படம் விரித்துத் தடுக்கிறான். தாக்க வந்த அதே கமடன் அடியில் தோற்றுக் கும்பிட்டுக் கிடக்கிறான். ஒரு சினிமாவின் மூன்று காட்சியை ஒரே கல்லில் அடக்கியிருக்கிறார்கள். சற்றுத் தள்ளி இயக்கி அம்பிகை, சிங்கத்தோடும் பிள்ளைகளோடும்.

பல மாடங்களுக்கு அடியில் வட்டெழுத்தில் ஒன்றிரண்டு வரிகள். கண் பழகாதவருக்கு அது கல்லின் கீறல் போலத்தான் இருக்கும். இப்படி நூறையொட்டிய கல்வெட்டுகள். பெரும்பாலும் எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. சொல்லும் செய்தி சின்னதுதான்: இன்ன ஊர்க்காரர், இன்ன ஆசிரியரின் மாணாக்கர், இந்தத் திருமேனியைச் செய்வித்தார். சில சிலைகள் இறந்துபோனவர்களின் பொருட்டுச் செய்யப்பட்டவை. செய்வித்தவர்கள் யார்? அரசர்களும் அதிகாரிகளும் மட்டும் அல்லர். தச்சர், குயவர், கொல்லர் என்று கைவேலைக்காரர்கள் பெயரும் அதில் இருக்கிறது. மண்ணைப் பிசைந்தவரும் மரத்தை இழைத்தவரும் தங்கள் உழைப்பில் மிச்சம் பிடித்துக் கல்லில் ஒரு சிலை எழுப்பி, தம் பெயரையும் ஊரையும் ஆசிரியரையும் எழுதிவைத்துப் போயிருக்கிறார்கள். ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு குயவரின் பெயரைத் தமிழ்நாட்டில் வேறு எங்கே போய்த் தேடுவது?

அப்போது இந்த மலைக்கு வேறு பெயர். கல்வெட்டுகள் இந்த இடத்தைத் திருநெச்சுரம் என்கின்றன. இங்கே பெரிய சமணப் பாடசாலை நடந்திருக்கிறது. சித்தாந்தம் விரித்துரைத்தவர்களுக்கு உணவளிக்க நிவந்தம் விட்ட செய்தியும் கல்லில் உண்டு. குணசாகர படாரர் என்ற ஆசிரியர் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. நான் ஒவ்வொரு முறையும் நின்று பார்ப்பது வேறு பெயர்களை. மிழலூர்க் குரத்தியார், திருச்சாரணத்துக் குரத்தியார், சங்கக் குரத்தியார். குரத்தியார் என்றால் பெண் ஆசிரியர்கள். அவர்களுக்கு ஆண் மாணாக்கர்களும் இருந்தார்கள், அந்த ஆண்கள் "நான் இந்த அம்மையின் மாணாக்கன்" என்று கல்லில் எழுதிக்கொள்ளவும் கூசவில்லை. திருச்சாரணம் என்பது இன்றைய குமரி மாவட்டத்துச் சிதறால் மலை. அங்கிருந்தெல்லாம் இங்கே ஆள் வந்திருக்கிறது. நம் விருதுநகர் மாவட்டத்தில் குறண்டி என்ற ஊரிலும் இதே காலத்தில் பெரிய சமணப் பள்ளி இருந்தது. மதுரைச் சமணர் மலைக் கல்வெட்டுகளில் குறண்டி ஆசிரியர்களின் மாணாக்கர்கள் வருகிறார்கள். கரிசல் காட்டுக்குள்ளே இத்தனை தூரம் நடந்து வந்து படித்திருக்கிறார்கள்.

பெண்கள் ஆசிரியராக இருந்த அந்தக் காலத்தை எங்கள் ஊர் எண்பதுகளோடு வைத்துப் பார்த்தால் மனசு சுருக்கென்கிறது. நாரணாபுரம், அனுப்பன்குளம், விஸ்வநத்தம் சுற்றுவட்டாரத்தில் அன்று பள்ளிக்கூட வயசுப் பெண்பிள்ளைகளை விடியுமுன் வேன் வந்து தீப்பெட்டி ஆபீஸுக்கு அள்ளிக்கொண்டு போகும். கட்டை அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சின்ன விரல்தான் வாகு என்று ஒரு நியாயம் வேறு பேசுவார்கள். "குட்டி ஜப்பானின் குழந்தைகள்" என்ற ஆவணப்படம் 1990-இல் அதை உலகத்துக்குக் காட்டியது. சிவகாசி ஆலைகளில் குழந்தைகள் வேலை செய்வது குறித்த எம்.சி. மேத்தா வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மெல்ல மெல்ல வேன் நின்றது. அன்று கட்டை அடுக்கியவர்களின் மகள்கள் இன்று சிவகாசியிலேயே கல்லூரிக்குப் போகிறார்கள். 1968-இல் தொடங்கிய எஸ்.எஃப்.ஆர். மகளிர் கல்லூரி எங்கள் ஊருக்குப் பக்கம்தான். ஆனால் அன்று எங்கள் தெருவிலிருந்து அதன் வாசலை மிதித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். குரத்தியார் பெயர் இருக்கும் பாறைக்கு முன்னால் இன்றைக்கு நாரணாபுரத்துக் கல்லூரிப் பிள்ளைகள் நின்று செல்ஃபி எடுப்பதைப் பார்க்கையில், எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் தோன்றுகிறது. அந்த எழுத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்ட ஆள் இல்லையே என்பதுதான் குறை.

மலையின் இன்னொரு பக்கம் வெட்டுவான் கோயில். எல்லாரும் ஏறுவது இதற்காகத்தான். ஒரே பாறையை மேலிருந்து கீழே குடைந்து இறங்கி, சுற்றிலும் அகழி போல வெட்டி, நடுவில் ஒரு விமானத்தை மட்டும் நிற்கவிட்டிருக்கிறார்கள். எல்லோரா கைலாசநாதர் கோயிலும் இதே முறையில் வெட்டியதுதான். அது மலை அளவு, இது கைக்கு அடக்கம். தெற்கு முகத்தில் தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசித்துக்கொண்டிருக்கிறார். ஆலமரத்தடியில் மௌனமாக உபதேசிக்கும் கடவுளைத் தாளக்காரராக்கிய சிற்பியின் தைரியத்தை நினைத்துப் பாருங்கள். கிழக்கே உமையும் மகேசுவரனும் பேச்சுச் சுவாரஸ்யத்தில் இருக்கிறார்கள். பூதகணங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சேட்டை. மேல் பாதி இழைத்து முடித்தது. கீழ்ப் பாதி வெறும் உளி பட்ட பாறையாகவே நின்றுவிட்டது. உள்ளே இருக்கும் பிள்ளையார் பிற்காலத்தில் வைத்தவர்.

ஏன் நின்றது? கழுகுமலையில் யாரைக் கேட்டாலும் ஒரு கதை சொல்வார்கள். அப்பன் சிற்பி கீழே முருகன் கோயிலைக் குடைய, மகன் மேலே இதைக் குடைந்தானாம். மகன் வேலை விஞ்சிவிட்டது என்று ஊர் பேசியதும் அப்பன் பொறுக்காமல் உளியை வீசி மகனைக் கொன்றானாம். நம்பத் தேவையில்லை. ஆனால் பாதியில் நின்ற எந்த வேலைக்கும் ஒரு குடும்பச் சண்டையைக் காரணமாக்குவது நம் ஆட்களின் புத்தி. பாண்டியர் காலம், எட்டாம் நூற்றாண்டு என்பதெல்லாம் சிற்ப அமைதியை வைத்துச் சொல்வது. எடுப்பித்த மன்னன் தன் பெயரைப் பொறிக்கவில்லை. வேலை முடிந்திருந்தால் பொறித்திருப்பானோ என்னவோ. ஒரே மலையில் அரசன் வெட்டியது பெயரில்லாமல் நிற்கிறது, குயவரும் தச்சரும் வெட்டுவித்தது பெயரோடு இருக்கிறது.

சமணம் தேய்ந்த பிறகு மலை அனாதையாகிவிடவில்லை. சமணச் சிற்பங்களுக்குப் பக்கத்துக் குகையில், சுனையை ஒட்டி அய்யனார் குடியேறினார். உச்சியில் பிள்ளையார். அடிவாரத்துக் குடைவரையில் கழுகாசலமூர்த்தி. இங்கே கருவறையைச் சுற்றி வரப் பாதை கிடையாது. பாறைக்குள் குடைந்தது என்பதால் சுற்ற வேண்டுமானால் மலையையே சுற்ற வேண்டும். சம்பாதி என்ற கழுகு முருகனைப் பூசித்த தலம் என்று புராணம். (கழுகைப் பார்க்கத்தான் இன்று இங்கே வழியில்லை. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்து இந்தியா முழுக்கப் பாறுக் கழுகுகளைக் கொன்று தீர்த்தது. 2006-இல் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள். மிச்சமிருப்பவற்றைப் பார்க்க முதுமலை, மாயாறு பக்கம் போக வேண்டும்.)

இந்த முருகனுக்குத்தான் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து பாடினார். ஊற்றுமலை ஜமீன் மருதப்பர் காவடி எடுத்து வந்தபோது வழிநடைக்காகப் பாடியது என்பார்கள். ரெட்டியார் 1891-இல் இளம் வயதிலேயே போய்ச் சேர்ந்தார். அவர் பாட்டு ஏறி வந்த அதே தேர்வீதியில் நாலே வருஷத்தில் ரத்தம் ஓடியது.

இதைப் பற்றிக் கழுகுமலையிலும் சிவகாசியிலும் மெல்லிய குரலில்தான் பேசுவார்கள். கழுகுமலை அன்று எட்டயபுரம் ஜமீனுக்குள் இருந்தது. அதன் தேர்வீதிகளில் நாடார்கள் ஊர்வலம் போகக் கூடாது என்று தடை. வழக்காடிப் பார்த்தார்கள், முடியவில்லை. ஒரு பகுதியினர் கத்தோலிக்கர் ஆனார்கள். தேர்வீதியிலேயே ஒரு சிற்றாலயம் எழுந்தது. 1895-இல் பங்குனித் தேர் வந்தபோது, ஆலயத்தின் முன்னால் வீதியில் போட்டிருந்த பந்தலை ஒட்டித் தகராறு மூண்டது. ஜமீன் மேலாளர் குத்துப்பட்டு இறந்தார். பிறகு வெட்டும் தீயுமாக இரண்டு பக்கமும் உயிர்ப்பலி. நாலு வருஷம் கழித்து, நாடார்களின் கோயில் நுழைவு உரிமைப் பகை முற்றி, 1899 ஜூன் 6 அன்று சிவகாசி ஊரே தாக்கப்பட்டுக் கொள்ளையடிக்கப்பட்டது. பட்டாசும் தீப்பெட்டியும் வருவதற்கு முன்பு வெளியுலகம் சிவகாசியை அறிந்தது அந்தக் கொள்ளையால்தான்.

1939-இல் மதுரை மீனாட்சி கோயிலின் கதவு விலக்கி வைக்கப்பட்டவர்களுக்கும் திறந்தது, பிறகு சட்டங்கள் வந்தன. இன்று கழுகுமலைத் தேர்வீதியில் யாரும் யாரையும் நீ எந்த ஆள் என்று கேட்பதில்லை. மலைக்கு ஏறும் கூட்டத்தில் பாதி சிவகாசிக் கூட்டம். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவரவில்லை, தென்மாவட்டத்துக்காரன் அப்படிச் சொல்ல மாட்டான். ஆனால் எங்கள் தாத்தாவின் அப்பா காலத்தில் உயிரைக் கேட்ட தெருவில் இன்று நாங்கள் பார்க்கிங் இடம் தேடி அலைகிறோம். அன்றுக்கும் இன்றுக்கும் நான் கண்ட பெரிய மாற்றம் இதுதான். சிற்பங்களைச் சுற்றி வேலி போட்டதெல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

அயர்லாந்தில் வேலை பார்க்கும் எங்கள் தெருப் பையன் ஒருவன் போன வருஷம் கேஷல் பாறையின் படங்களை அனுப்பினான். டிப்பரரி சமவெளியில் திடீரென்று எழுந்து நிற்கும் சுண்ணாம்புப் பாறை, அதன் உச்சியில் கூரையில்லாத பேராலயம், சுற்றிலும் கல்லறைத் தோட்டம், நடுவில் வட்டம் கோத்த உயரமான கற்சிலுவைகள். மன்ஸ்டர் அரசர்களின் கோட்டையாக இருந்ததை 1101-இல் திருச்சபைக்குக் கொடுத்தார்கள். 1134-இல் கோர்மக் சிற்றாலயம் அர்ப்பணிக்கப்பட்டது. 1647-இல் மதப்போரில் ஒரு படை ஏறி உள்ளே அடைக்கலம் புகுந்திருந்த நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றது. பதினெட்டாம் நூற்றாண்டில் பேராயர் ஒருவர் காலத்தில் கூரையையே கழற்றிவிட்டார்கள். ஸ்கல்லி குடும்பத்தார் நட்ட பெரிய சிலுவையை 1976-இல் மின்னல் தாக்கி உடைத்தது. "நம்ம கழுகுமலை மாதிரியே இருக்கு சித்தப்பா" என்று எழுதியிருந்தான்.

பாதி சரி. சமவெளி, தனிப்பாறை, இறந்தவர் பெயரில் செய்த கல்வேலை, சாமியின் பெயரால் சிந்திய ரத்தம், எல்லாம் பொருந்துகிறது. ஆனால் கேஷல் இன்று பார்வையிடும் இடம் மட்டுமே. அரசு பராமரிக்கிறது, டிக்கெட் வாங்கி உள்ளே போக வேண்டும், பழைய சுவரோவியம் கெடக் கூடாதென்று கோர்மக் சிற்றாலயத்துக்குள் வழிகாட்டியோடுதான் விடுகிறார்கள். கழுகுமலையை இடிபாடு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அய்யனாருக்கு விளக்கு எரிகிறது, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைகிறது. நம் ஆட்களிடம் கேஷல் ஒழுங்கு இல்லை என்பதும் உண்மை. தீபத்தின் எண்ணெயும் கற்பூரப் புகையும் கல்லுக்கு ஆகாது என்பது தொல்லியல்காரர் கவலை. ஆயிரம் வருஷமாகக் கும்பிடுகிற இடத்தில் தீபத்தை எப்படி நிறுத்துவது என்பது ஊர்க்காரர் கேள்வி. இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினால் தீரக்கூடிய பிரச்சினைதான்.

தீராத எரிச்சல் ஒன்று உண்டு. வழியெல்லாம் பாறையில் பைக் சாவியால் கீறிய பெயர்கள். அவனும் அவளும் நடுவில் அம்புக்குறியும். சில இடத்தில் பெயிண்ட். குயவர் தம் பெயரைப் பொறிக்க வேண்டுமானால் முதலில் ஒரு திருமேனி செய்து தர வேண்டியிருந்தது. இன்றைக்குச் சாவி போதும். பையன்களை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. சிலைக்கு அடியில் இருப்பதும் மனுஷர் பெயர்தான், அதுவும் உன்னைப் போல ஒரு வேலைக்காரன் பெயர் என்று அவர்களுக்குச் சொல்லியிருக்கிறோமா? பலகையில் இருப்பது "சமணச் சிற்பங்கள், எட்டாம் நூற்றாண்டு" என்ற அளவில் முடிந்துவிடுகிறது.

உச்சிப் பிள்ளையார் பக்கம் நின்று பார்த்தால் நாலு திசையும் கரிசல். நான் சின்னப் பையனாக ஏறியபோது கண்ணுக்கு எட்டிய வரை பருத்தியும் கம்பும் உளுந்தும். இப்போது பாதிக்கு மேல் மக்காச்சோளம். தெற்கே கயத்தாறு பக்கம் காற்றாலைகள் வரிசையாகச் சுற்றுகின்றன. வடக்கே வைப்பாற்றங்கரையில் வெம்பக்கோட்டை. அங்கே விஜயகரிசல்குளத்து மேட்டில் 2022 முதல் அகழாய்வு நடந்து சங்கு வளையலும் சுடுமண் பொம்மையுமாக வந்தன. அந்தக் குழிகளில் மண் அள்ளிய கைகள் பலவும் சுற்றுவட்டாரத்துக் கூலிக்காரர்களின் கைகள். அங்கே கிடைத்த பொருள்களுக்குப் படம் போட்டுப் பெயர் எழுதிக் கண்காட்சி வைத்தார்கள், ஊர் திரண்டு போய்ப் பார்த்தது. எங்கள் ஆட்களுக்குப் பழசில் அக்கறை இல்லை என்பது பொய். புரிகிற மாதிரி சொன்னால் வருவார்கள்.

ஆகவே கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. கழுகுமலைக் கல்வெட்டுகளைப் படித்தாகிவிட்டது. 1925-இல் வெளியான தென்னிந்தியக் கல்வெட்டுகள் ஐந்தாம் தொகுதியிலேயே அவற்றின் வாசகம் அச்சாகியிருக்கிறது. புதிதாக ஆராய்ச்சி வேண்டாம். அந்த வரிகளை இன்றைய தமிழ் எழுத்தில், இது இன்ன குரத்தியாரின் மாணாக்கர் செய்வித்தது, இது இன்ன ஊர்த் தச்சர் செய்வித்தது என்று, சிற்பத்தைத் தொடாமல் வேலிக்கு இந்தப் பக்கம் பலகையாக வைக்க வேண்டும். காலண்டரும் டைரியும் பாடப்புத்தகமும் நாடு முழுக்க அச்சடித்து அனுப்புகிற ஊர் சிவகாசி. தொல்லியல் துறை அனுமதி கொடுத்து வாசகத்தைச் சரிபார்த்துத் தந்தால், பலகைக்கான செலவை எங்கள் ஊர் அச்சகக்காரர்களே பார்த்துக்கொள்வார்கள். துறை மனசு வைக்க வேண்டும்.

அதுவரை மலைக்குப் போகிறவர்கள் வெயிலுக்கு முன்னால் ஏறுங்கள், தண்ணீர் கொண்டுபோங்கள், சாவியைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள்.